ஈசானிய மூலையில் ஒரு கட்டில்

ஒத்திகைச் சைரன் நாலு மணிக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். சொல்லி என்ன, மூன்று மணி தாண்டியும் மங்கையர்க்கரசி கூடத்தின் நடுவில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கட்டிலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் தணிகாசலம் அவளைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே வாசற்கதவு வழியாக நுழைந்த காற்று சாவகாசமாகப் பின்பக்கக் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல காற்று. பதினான்கு மாதத்துக்கு முன்னால் வாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்குக் கட்டிலை எங்கே போடுவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னபோது, இந்தக் காற்றை நினைத்துத்தான் அவள் இங்கே போடுங்கள் என்று சொன்னாள். கிழக்கே வாசற்கதவு, மேற்கே துணி காயப்போடுகிற பால்கனிக் கதவு, இரண்டுக்கும் நேர்கோட்டில் கட்டில். மனிதர் படுத்தபடியே வெளியே வானத்தைப் பார்க்கலாம், போகிற வருகிறவர்களைப் பார்க்கலாம், வியர்க்காது, முதுகில் புண் வராது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறாய் மங்கை என்றுதான் சொன்னார்கள். ஒருத்தராவது வாயைத் திறந்து, அம்மா, ஒரு நாள் துறைமுகத்தின் மேல் அணுகுண்டு விழுந்தால் இந்த வீட்டிலேயே மிக மோசமான இடம் இதுதான் என்று சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள், காய்ச்சலுக்குக் கஞ்சி குடிக்கச் சொல்கிறவர்கள் இதையா சொல்வார்கள். நேற்று ராத்திரி வரைக்கும் அவளுக்கும் தெரியாது. நேற்றுக் குடியிருப்போர் சங்கத்தின் கைபேசிக் குழுவில் நாலு பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்தது, படிக்காமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அவள் படித்துத் தொலைத்தாள்.

முதலில் வெளிச்சம் வருமாம். சத்தமே இல்லாமல் வெளிச்சம். பார்த்தால் கண் போய்விடும், தோல் வெந்துவிடும், பார்க்காமல் இருந்தால் அடுத்தது வருகிற வரைக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். எவ்வளவு நேரம் என்பது தூரத்தைப் பொறுத்தது. துறைமுகத்துக்கும் இந்த வீட்டுக்கும் நேர்கோட்டில் ஆறு கிலோமீட்டர் என்று அவளே கைபேசியில் வரைபடத்தை வைத்து விரலால் அளந்தாள், அதன்படி பார்த்தால் பத்துப் பதினைந்து விநாடி. பத்துப் பதினைந்து விநாடியில் பால் பொங்குவதைக்கூட நிறுத்த முடியாது. அதற்கப்புறம் அழுத்தம். காங்கிரீட் தூணும் உத்தரமும் நின்றாலும் நிற்குமாம், கட்டடம் நிற்பதும் உள்ளே இருக்கிற மனுஷர் பிழைப்பதும் வேறு வேறு என்று அந்தக் குறிப்பு சொன்னது, அந்த ஒரு வரியை மட்டும் அவள் மூன்று தரம் படித்தாள். கண்ணாடி கத்தியாகிப் பறக்கும். காற்று கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே வரும், குறுகலான இடத்தில் நுழையும்போது அதன் வேகம் கூடும், எதிரே இன்னொரு கதவு இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் அறையும். ஆகையால் கதவுக்கு நேரே நிற்காதீர்கள், நடையில் நிற்காதீர்கள், குண்டு விழும் திசையைப் பார்த்த சுவரின் மூலையில், கதவு ஜன்னலை விட்டுத் தள்ளி, தரையோடு ஒடுங்கி உட்காருங்கள். குண்டு விழும் திசை கிழக்கு. கிழக்குச் சுவர் என்றால் வாசற்கதவு இருக்கிற சுவர். கதவுக்குத் தெற்கே ஜன்னல், ஜன்னலை ஒட்டிய தென்கிழக்கு மூலை கண்ணாடிக்கு மிக அருகில், அது ஆகாது. கதவுக்கு வடக்கே ஆறடிக்கு வெறுஞ்சுவர், அதன் கோடியில் மூலை. வடகிழக்கு. ஈசானிய மூலை. சாமி மாடம் இருக்கிற மூலை. பாரமாக எதையும் வைக்கக் கூடாது, செருப்பு விடக் கூடாது, நோயாளியைக் கிடத்தவே கூடாது என்று இருபது வருஷமாக அவள் பெருக்கித் துடைத்துக் காலியாக வைத்திருக்கிற அந்த மூலையைத் தவிர இந்த வீட்டில் மனிதர் ஒளிய இடமில்லை என்று நாலு பக்கமும் சேர்ந்து சொன்னது.

கட்டில் நேர்கோட்டில் கிடப்பதற்குக் காற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த நேர்கோடே அவள் போட்டதுதான். வீடு வாங்கும்போது கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் முழுச் சுவர் இருந்தது. பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருஷம் கட்டட மதிப்பீடு போட்ட மனுஷர் தணிகாசலம், எந்த வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிடுவார். இந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்பது இஞ்ச் சுவர், நல்ல கட்டு வேலை என்று அவர் சந்தோஷப்பட்டது அவளுக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது, பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. மகள் சுடர்க்கொடிக்கு முப்பது வயதாகியும் வரன் அமையவில்லை. வந்த ஜோசியரெல்லாம் கிரகத்தைச் சொன்னார்கள், வாஸ்து பார்க்க வந்தவர் மட்டும் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, வாசலுக்கு நேர் வாசல் இல்லாத வீட்டில் சுபகாரியம் முட்டிக்கொண்டு நிற்கும் என்றார். முட்டிக்கொண்டு நிற்கும் என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. சுவரை உடைத்து வழி வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார், இந்தச் சுவர் சும்மா நிற்கவில்லை, கட்டடத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, உடைத்தால் இப்போது ஒன்றும் ஆகாது, என்றைக்காவது பக்கவாட்டில் ஒரு தள்ளு வந்தால் தெரியும் என்றார். மூன்று மாடி வீட்டைப் பக்கவாட்டில் யார் வந்து தள்ளப் போகிறார்கள் என்று அவள் கேட்டாள். கேட்டாளே. அந்தக் கேள்வி இப்போது காதுக்குள் ரீங்காரமிட்டது. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், நாலாம் நாள் அவரே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து, தானே பக்கத்தில் நின்று உடைத்தார். எட்டே மாதத்தில் சுடருக்குக் கல்யாணம். அதற்கப்புறம் எத்தனை வருஷம் அதைச் சொல்லிக் காட்டினாள், உங்கள் ஒன்பது இஞ்ச் இருந்திருந்தால் இந்தப் பேரன் ஏது என்று. அவர் சிரிப்பார். இப்போது கட்டிலில் இருந்து அந்த வழியைப் பார்க்கிறாரா, அல்லது சும்மா கண் அங்கே நிற்கிறதா, யாருக்குத் தெரியும், மனசுக்குள் மதிப்பீடு போட்டுக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

பதினோரு மணிக்குச் சங்கத்தின் செயலாளர் கருணாமூர்த்தி வந்தார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு பட்டியல், கழுத்தில் ஒரு விசில். சைரன் கேட்டதும் எல்லோரும் மாடிப்படி வழியாகக் கீழே கார் நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிட வேண்டும், லிஃப்ட் ஓடாது, பத்து நிமிஷம், அவ்வளவுதான். சாரை என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, "ஒத்திகைதானேம்மா, சார் இருக்கட்டும், நீங்க மட்டும் வந்து ஒரு தலையைக் காட்டிட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் சொன்னார். நிஜமாக ஊதினால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவர் பட்டியலைப் பார்த்தார், அப்புறம் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், அப்படியெல்லாம் வராதும்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போனார். கீழே கார் நிறுத்துகிற இடம் பத்துத் தூணுக்கு நடுவே இருக்கிற வெற்றிடம், நாலு பக்கமும் சுவர் கிடையாது, அந்தக் குறிப்பைப் படித்தவள் ஒருத்தியும் அங்கே போய் நிற்க மாட்டாள், அதையும் அவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு எங்கே போவது என்று கேட்பார். எட்டுக் குடும்பத்துக்கு எட்டு மூலை இருக்கிறதா என்று கேட்பார். பகலில் அவரைத் திருப்பிப் போடவும் துடைத்துவிடவும் வருகிற ஸ்டெல்லா நேற்றே ஊருக்குப் போய்விட்டாள், பிள்ளைகள் பயப்படுகின்றன அம்மா என்றாள், போகிற அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவைக்கூட மறந்துவிட்டுப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு மணிக்கு மஸ்கட்டிலிருந்து சுடர் கூப்பிட்டாள், அங்கே தொலைக்காட்சியில் எல்லை, ஏவுகணை, பேச்சுவார்த்தை முறிந்தது என்று ஓடிக்கொண்டே இருக்கிறதாம். "அம்மா, நிஜமா ஏதாவது ஆச்சுன்னா நீ யோசிக்காதே, கீழே போயிடு. அப்பாவ..." அதற்குமேல் சொல்லவில்லை. இணைப்பு போகவில்லை, மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

அப்பாவ. அதற்குப் பின்னால் என்ன வரும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ என்றால் அதைச் சொல்வதற்கு என்ன தயக்கம், அது எல்லா மகள்களும் சொல்வதுதான். அப்பாவை விட்டுவிட்டு என்றால் அதைச் சொல்ல நாக்கு எழாது, எழவில்லை. பெற்ற தகப்பனை. தோளில் உட்கார வைத்துக்கொண்டு கட்டுகிற கட்டடத்தையெல்லாம் சுற்றிக் காட்டிய தகப்பனை. ஆனால் அவள் தாயைப் பற்றியல்லவா யோசித்தாள், ஒருத்தியாவது மிஞ்சட்டும் என்று, அதில் என்ன தப்பு. தப்பு இல்லை. தப்பு இல்லை என்று மங்கையர்க்கரசிக்கு ஏன் இத்தனை தரம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுபத்தெட்டுக் கிலோ. ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்த எடை, படுத்தபடி கொஞ்சம் இறங்கியிருக்கலாம், எழுபத்தைந்து என்றே வைத்தாலும் அறுபத்தொரு வயதில் முட்டி தேய்ந்த ஒருத்தி மூன்று மாடி இறக்குகிற எடையா அது. முடியாது என்பது கணக்குப்படி முடியாதுதான், யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காத இடத்தில்தான் அவளே தன்னைக் கேட்க வேண்டியிருந்தது. ஏனென்றால் நேற்று மாலை குப்பை கொட்டப் போகிற சாக்கில் அவள் படியில் இறங்கிப் பார்த்தாள். வேகமாக. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டு. மேல் படியிலிருந்து கீழ்த் தரைக்கு நாற்பத்திரண்டு விநாடி. முட்டி வலிக்கவே இல்லை, அதுதான் பயங்கரம், தினமும் படி ஏறுவதற்கு ஐயோ அப்பா என்கிற முட்டி, நேற்று இருபது வயசு முட்டியாக இறங்கியது. கீழே நின்று குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு என்று அவள் திருப்திப்பட்டாள். பிறகு மேலே ஏறி வந்து அவருக்கு வாய் துடைத்து, இட்டிலியைப் பாலில் பிசைந்து ஊட்டினாள். அவர் சாப்பிட்டார். அன்றைக்குப் பார்த்து ஒரு வாய்கூடத் துப்பாமல் சாப்பிட்டார்.

ஆகையால்தான் கட்டிலை நகர்த்துவது என்று முடிவு செய்தாள். இறங்கிப் போகிறவள் கட்டிலை நகர்த்துவாளா, நகர்த்த மாட்டாள், நகர்த்திவிட்டால் இறங்கிப் போகிறவள் அல்ல என்று ஆகிவிடும் அல்லவா. இப்படியொரு கணக்கு. அவரை மூலைக்குள் தள்ளி, அவள் வெளிப்புறம், வாசற்கதவு பக்கமாக, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வது. வருவது முதலில் தன் மேல் வரட்டும். அதை நினைத்தபோது அவளுக்கே தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, கண்ணில் நீர்கூட வந்தது. சாமி மாடத்தின் கீழே இருந்த விளக்கையும் முக்காலியையும் எடுத்துச் சமையலறையில் வைத்தாள், கோலம் போட்ட இடத்தை ஈரத் துணியால் துடைத்தாள், முருகா, வேறு வழியில்லை, நீயே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று வாய் முணுமுணுத்தது. மலமூத்திரம் போகிற மனுஷரின் தலை மாடத்துக்குக் கீழே வரப்போகிறது. வாஸ்துக்காரர் பார்த்தால் என்ன சொல்வார். அந்த ஆளைத்தான் இந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு வந்து இந்த நேர்வாசலில் நிற்க வைக்க வேண்டும். நடுவில் இன்னொன்று நினைவுக்கு வந்து அவளை நிறுத்தியது. காற்று அடங்கினதும் மேலிருந்து சாம்பல் மாதிரித் தூசி இறங்கும், அதன் கதிர் கூரை வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் வரும், அதற்கு வெளிச்சுவர் மூலை ஆகாது, வீட்டின் நட்டநடு வேண்டும், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற கடைசி மாடி எதற்குமே ஆகாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இவர்கள் இருப்பதே கடைசி மாடி. தலைக்கு மேல் ஐந்து இஞ்ச் தளமும் தட்டோடும்தான். அப்படியானால் முதலில் மூலைக்கு இழுக்க வேண்டும், பிழைத்துக் கிடந்தால் அப்புறம் நடுவுக்கு இழுக்க வேண்டும், உடைந்த கண்ணாடி மேல், விழுந்த செங்கல் மேல், இருட்டில், யார் இழுப்பது, எத்தனை தரம் இழுப்பது. முடிவே இல்லை. ஒரு வீடு ஒன்றுக்குக் காவல் என்றால் இன்னொன்றுக்கு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாலு சுவர் இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது, பயமில்லை என்று படுத்துத் தூங்கியவள் அவள்.

மணி மூன்றே முக்கால். கட்டிலின் நாலு காலுக்கும் கீழே, பீரோவை நகர்த்துகிறபோது வைக்கிற மாதிரி, பழைய கோணிச் சாக்கை மடித்துச் செருகினாள். ஒவ்வொரு காலாகத் தூக்க வேண்டியிருந்தது, தூக்கும்போதெல்லாம் அவர் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க, மூலைக்குத்தான் தள்ளறேன்" என்றாள். அவர் மாடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. வேண்டாம் என்கிறாரா. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று பதினான்கு மாதமாக அவள் ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறாள், தண்ணீர் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தால் சில சமயம் குடிப்பார், சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான் தாம்பத்தியம் என்று ஆகிவிட்டது. சில நாள் விடிகாலையில், மூச்சு நின்றிருக்குமோ என்று கை வைத்துப் பார்ப்பாள். மூச்சு இருக்கும். இருக்கிறது என்று தெரிந்ததும் நெஞ்சில் எழுவது ஆறுதல் மட்டும்தானா, கூடவே வேறொன்றும் கலந்து வருகிறதா என்று பார்க்கப் பயந்து உடனே எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவாள். ஜன்னல் பக்கம் நின்று, இரண்டு கையையும் சட்டத்தில் வைத்துத் தள்ளினாள். சாக்கு வழுக்கியது, கட்டில் ஓரடி போனது, இன்னும் ஓரடி போனது. பிறகு வடக்குச் சுவரோரம் தரை ஓடு ஒன்று லேசாக மேலே எழும்பியிருந்த இடத்தில் கட்டிலின் கால் இடித்து நின்றுவிட்டது. தம் பிடித்துத் தள்ளினாள், முட்டுக் கொடுத்துத் தள்ளினாள், அசையவில்லை. தள்ளினால் வராது, அந்தப் பக்கம் போய்ச் சற்றுத் தூக்கினாற்போல இழுத்தால் வரும். கட்டிலுக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. உள்ளே நுழைந்தாள். முதுகு சுவரில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. சட்டத்தைத் தூக்கி இழுத்தாள், கால் ஓட்டைத் தாண்டியது, இன்னும் இரண்டு இழுப்பு, அப்புறம் வெளியே வந்து மறுபக்கமிருந்து கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் முடிந்தது, அப்புறம் தன் இடத்தில் போய் உட்காரலாம், வாசற்பக்கமாக, சொன்னபடி.

அப்போது ஊதியது.

நாலு மணி ஆகவில்லை. கடிகாரம் நேரே எதிரில் இருந்தது, மூன்று ஐம்பத்திரண்டு, சரியான நேரம்தான், காலையில் செய்திக்கு ஒத்துப் பார்த்தே வைத்தாள். எட்டு நிமிஷம் இருக்கிறது. அரசாங்கம் தாமதமாக ஊதும், முன்னால் ஊதாது, ஆகையால் இது ஒத்திகை இல்லை, இது அதுதான், அதுதான், சத்தம் தாழ்ந்து எழுந்தது, கீழேயிருந்து வந்து வீட்டுத் தரையையும் பல்லையும் ஒன்றாகப் பிடித்து ஆட்டியது, மாடிப்படியில் திமுதிமுவென்று கால்கள், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், ஒரு கதவு அறைந்துகொண்டது, சுடர், சுடர் இங்கே இல்லை, நல்லவேளை இங்கே இல்லை, கண்ணை மூட வேண்டும், வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டுமா மூட வேண்டுமா, அது எந்தப் பக்கத்தில் இருந்தது, வாசற்கதவைச் சாத்தவில்லையே, வாசற்கதவு திறந்து கிடக்கிறது, அதன் எதிரே அதுவும் திறந்து கிடக்கிறது, தான் உடைத்த வழி, இனி எழுந்து போய்ச் சாத்த முடியாது, பத்து விநாடி, பதினைந்து விநாடி, எப்போதிலிருந்து எண்ணுவது, வெளிச்சம் வந்ததா, கண்ணை மூடியிருக்கிறபோது எப்படித் தெரியும், இமைக்கு உள்ளே சிவப்பாக இருக்கிறது, இது சாயங்கால வெயிலா, அதுவா, ஒன்று, இரண்டு, மூன்று, முருகா, நாலு, முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னும் சின்னதாக, இன்னும் சின்னதாக, ஏழு, எட்டு, சுவர் முதுகில் இருக்கிறது, தலைக்கு மேல் மாடம் இருக்கிறது, பதினொன்று, கையில் இரும்பு, அதை விடக் கூடாது, இழு, இன்னும் கிட்டே இழு, பதினான்கு, பதினைந்து, பதினாறு, இருபது.

ஒன்றும் வரவில்லை. சைரன் அடித்தொண்டைக்கு இறங்கி, முனகி, நின்றது. அதன் பிறகு இருந்த அமைதியில் அடுத்த தெருவில் ஒரு நாய் குரைப்பது கேட்டது. கீழே கருணாமூர்த்தியின் ஒலிபெருக்கி கரகரத்தது, யாரும் பயப்பட வேண்டாம், சைரன் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஊதினார்களாம், இப்போதுதான் காவல் நிலையத்திலிருந்து சொன்னார்கள், ஒத்திகை நாலு மணிக்குத்தான், இறங்கியவர்கள் அப்படியே இருக்கலாம் என்றார். யாரோ ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள், அது அழுகையாக மாறுவதும் கேட்டது. மங்கையர்க்கரசி கண்ணைத் திறந்தாள். முதலில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை, மூக்குக்கு எதிரே நீல நிறமாக ஏதோ இருந்தது. படுக்கை விரிப்பு. அதன் பின்னால் மெத்தை, மெத்தைக்கு மேல் ஒரு முதுகு. அவள் மூலைக்குள் இருந்தாள். வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் சேருகிற அந்தக் கடைசி அங்குலத்தில், தரையோடு ஒடுங்கி, குறிப்பில் சொன்னது ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலைத் தன் முழங்காலில் இடிக்கிற வரைக்கும் இழுத்து, கதவைச் சாத்திக்கொள்வதுபோலத் தன் மேல் சாத்திக்கொண்டிருந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த இரண்டு கையும் வெளுத்துப் போயிருந்தன. இழுத்த இழுப்பில் அவர் ஒருக்களித்துப் புரண்டிருந்தார், முகம் வாசலைப் பார்த்து, முதுகு அவளைப் பார்த்து. திறந்த கதவுக்கும் அவளுக்கும் நடுவில், ஜன்னல் கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவில், தோளும் விலாவும் தொடையுமாக எழுபத்தெட்டுக் கிலோ அடுக்கி வைத்தாற்போல இருந்தது. ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை. நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். யோசிக்க நேரமில்லாதபோது கை பார்த்துக்கொண்டது.

இதைச் செய்தது நான் இல்லை என்று சொல்ல வேண்டும், சொன்னாலும் அவரிடம் எதைச் சொல்வது, சுவருக்கு இந்தப் பக்கம் எது அந்தப் பக்கம் எது என்று அவளைவிட அவருக்குத் தெரியும், வாழ்நாளெல்லாம் எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்த்த மனுஷர். எல்லாம் புரிந்திருக்கும். சைரன் ஊதின முதல் நொடியிலேயே புரிந்திருக்கும். ஏங்க என்று கூப்பிட்டாள். எழுந்துவிட வேண்டும், எப்படியாவது எழுந்து அந்தப் பக்கம் போய்விட வேண்டும், நாலு மணிக்குள், நிஜமோ பொய்யோ அடுத்த தரம் ஊதும்போது அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தலையைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. உச்சந்தலையில் பாரமாக ஏதோ இருந்தது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று தெரியவில்லை, சைரன் ஊதியபோதே வந்திருக்க வேண்டும், அவள் எண்ணிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அவருடைய இடது கை. தனக்குப் பின்னால், தோளுக்கு மேலாக, கண்ணால் பார்க்க முடியாத இடத்துக்கு முறுக்கி நீட்டித் தேடிப் பிடித்து வைத்த கை. விரல்கள் அவள் முடிக்குள் அழுந்தியிருந்தன. ஒலிபெருக்கி சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். கேட்டும் அவர் கையை எடுக்கவில்லை. அவள் மறுபடியும் எழப் பார்த்தாள். அந்தக் கை அவள் தலையைக் கீழே, கட்டில் சட்டத்துக்கும் கீழே, தரைக்குப் பக்கமாக அழுத்தியது.